ஜெரி சாவி ஒட்டிய இராயப்பர்

ஜெரிக்கு வயிறு எரிய ஆரம்பித்தது ஒரு சம்மனசின் சிறகைப் பார்த்துத்தான்.

ஹென்றி அண்ணனின் பேத்திக்கு ஞானஸ்நானம். தெருமுனையில் ஃபிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். குழந்தையின் போட்டோவுக்குப் பின்னால் ஒரு சம்மனசு, அதாவது தேவதூதர், சிறகை விரித்து நின்றது. ஆள் உயரத்துக்கு மேல் பெரிதாக்கியும் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. ஜெரி வண்டியை ஓரங்கட்டிவிட்டு, மூக்கு பேனரில் முட்டுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தான். புள்ளி இல்லை, கலங்கல் இல்லை. கீழ் மூலையில் கடையின் பெயர்: அபின் கிராஃபிக்ஸ்.

ஜெரியின் பேனர் கடைக்கு எதிர்வரிசையில் புதிதாகக் கடை போட்ட நாகர்கோவில் பையன். அவன் மாமா மளிகை மொத்த வியாபாரம், காசுக்குப் பஞ்சமில்லை. ஜெரி காறித் துப்பிவிட்டு வண்டியை எடுத்தான். அன்று மதியம் வஞ்சிரம் வறுவல் தட்டில் இருந்தும் சோறு இறங்கவில்லை.

அவன் எரிச்சலிலும் ஒரு நியாயம் உண்டு, சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில் பேனர் அடிக்கிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அர்ச்சிஷ்டவர்கள், அதாவது புனிதர்கள், படம் வேண்டுமென்றால் ஜெரிதான். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பையன் நன்றாக வரைகிறான் என்று ஓவியக் கல்லூரிக்கு அனுப்பினார். நுழைவுத் தேர்வில் படம் பிரமாதமாகத்தான் வந்தது. அப்புறம் உட்கார வைத்து, ஐரோப்பிய ஓவியத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார்கள். ஜெரி பேந்தப் பேந்த விழித்தான். சீட்டு கிடைக்கவில்லை.

அந்த ரோஷத்தில் மூர் மார்க்கெட்டில் தேடி இரண்டு புத்தகம் வாங்கினான். ஒன்று, தலையணை கனத்துக்கு ஐரோப்பிய ஓவிய வரலாறு. மற்றது, எந்த அர்ச்சிஷ்டவர் கையில் என்ன வைத்திருப்பார் என்று சொல்லும் சின்ன அகராதி. அம்பு பாய்ந்திருந்தால் செபஸ்தியார், தட்டில் இரண்டு கண் இருந்தால் லூசியம்மாள், மோட்சத்துச் சாவி இருந்தால் இராயப்பர், அதாவது பேதுரு. இங்கிலீஷ் வார்த்தை ஒவ்வொன்றுக்கும் டிக்‌ஷனரியைப் புரட்டிப் புரட்டிப் படித்தான். படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் ஒரு பக்கத்தையும் ஸ்கேன் செய்ய மாட்டான். தெருவில் பெயரே 'புக்கு ஜெரி' என்றாகிவிட்டது. புத்தகத்தை மட்டும் ஒருத்தருக்கும் காட்டியதில்லை. பேனர் தொழிலில் படம் எங்கிருந்து வருகிறது என்று எவனும் எவனுக்கும் சொல்ல மாட்டான். ஜெரி படங்கள் இருக்கிற தன் பென்டிரைவைக் கழுத்தில் மாதா உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கோர்த்துப் போட்டிருப்பான், குளிக்கும்போதுதான் கழற்றுவான்.

ஆனால் அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து எவ்வளவுதான் பெரிதாக்குவது? மாதாவின் முகம் கொசுவலைக்குப் பின்னால் இருப்பதுபோல் புள்ளி புள்ளியாகத்தான் வரும். இத்தனை வருஷம் அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. இப்போது அபின் வந்துவிட்டான்.

ஜூன் மாதக் கடைசியில் இராயப்பர் திருவிழா. தெருவில் குகை மாதிரிக் கட்டிய கெபியில் அவருடைய சின்னச் சுரூபம், அதற்கு மேல் வளைவில் பெரிய படம். அந்தப் படம் எப்போதும் ஜெரியுடையது. ஊரின் பெயரிலேயே இருக்கிற அர்ச்சிஷ்டவர், அவருக்கு ஜெரி படம் வைக்கிறான் என்றால் அது சும்மாவா? ஹென்றி அண்ணன்தான் விழாக் கமிட்டித் தலைவர், ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர். கடைக்கு வந்து உட்கார்ந்து, காதைக் குடைந்துகொண்டே சொன்னார்.

"மாமு, தப்பா எடுத்துக்காத. இந்த வருசம் அபினும் ஒரு படம் தரேன்றான். ரெண்டு பேரும் முன்னாடியே கொண்டாங்க. எது சோக்கா கீதோ அத்த மாட்டிக்கலாம்."

"நேத்து வந்தவன்ணா அவன்! ஏதோ பாம்பேல ஆள வெச்சி படம் வாங்கிகினு கீறான்."

"யார் வெச்சா இன்னா? அந்த றெக்கைய பாத்தியா நீ? புறா பறந்து வந்து குந்திக்கும் போல கீது."

பார்த்தானே. அதுதானே பேஜாரு.

மறுநாள் ஜெரி அபின் கடைக்கே போனான். நூல்கண்டு தீர்ந்துவிட்டது என்று ஒரு சாக்கு. அபின் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அந்த மரியாதையைப் பார்க்கவும் ஜெரிக்கு எரிந்தது.

"வாங்கண்ணே. சாயா குடிக்கியளா? இருங்க, நூல் உள்ள கெடக்கு, எடுத்துத் தாரேன்."

அவன் உள்ளே போன நேரத்தில் ஜெரி கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தான். பாம்பேயும் இல்லை, ஆளும் இல்லை. ஏதோ ஐரோப்பிய மியூசியத்தின் சைட். ஒரு பழைய ஓவியம், பக்கத்தில் இறக்கிக்கொள்ள அம்புக்குறி, கீழே யார் வரைந்தது, எந்தக் காலம், என்ன காட்சி என்று நீளமாக எழுத்து. உலகத்துக்கே இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள்! ஜெரி சைட்டின் பெயரை மனசுக்குள் இரண்டு முறை சொல்லிக்கொண்டான். இருபது வருஷமாக ஒரு புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுதோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"திருவிழாவுக்கு என்ன படம்ணே வைக்கிய?" என்று நூலை நீட்டினான் அபின். "படம் எதும் வேணும்னா சொல்லுங்க, அனுப்பித் தாரேன்."

"நமக்கு இன்னாத்துக்குபா? நம்மாண்ட புக்கு கீது" என்றான் ஜெரி.

கடைக்குத் திரும்பியதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்த சைட்டைத் திறந்தான். இராயப்பர் பெயரை அடித்ததும் படங்கள் கொட்டின. அதில் ஒன்று அவனைப் பிடித்து நிறுத்தியது. இருட்டில் நெருப்பு வெளிச்சம். வழுக்கைத் தலை, நரைத்த சுருட்டைத் தாடி, சாட்சாத் இராயப்பர். இரண்டு கையையும் நெஞ்சில் வைத்திருக்கிறார். பெரிதாக்கினான். கண்ணோரத்துச் சுருக்கம், நகத்தடி அழுக்கு, எல்லாம் தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினான். ஒரு புள்ளி இல்லை. மவனே அபின், இப்ப வாடா என்று வாய்விட்டே சொன்னான்.

கீழே எழுத்து இருந்தது. ஜெரி படிக்கவில்லை. அபின் முந்திக்கொள்வதற்குள் அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒன்றுதான் மண்டையில் ஓடியது. பின்னால் நின்ற சிப்பாய்களை இருட்டோடு இருட்டாக அழித்தான். பக்கத்தில் விரலை நீட்டி நின்ற பெண்ணை விட்டுவிட்டான், பார்க்க மீன் விற்கிற அக்கா மாதிரி இருந்தாள், கமிட்டிப் பெண்களுக்குப் பிடிக்கும். ஒன்றுதான் குறை, கையில் சாவி இல்லை. அகராதி என்ன சொல்கிறது? சாவி இல்லாமல் இராயப்பரா? வேறொரு படத்திலிருந்து சாவியை வெட்டி, நெஞ்சில் இருந்த கை விரல்களுக்கு இடையில் ஒட்டினான். கச்சிதமாக உட்கார்ந்தது.

அபின் கொண்டு வந்தது படகும் வலையும் இருந்த படம். அதுவும் அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஜெரி தன்னுடையதை விரித்ததும் ஹென்றி அண்ணன் வாயைப் பிளந்துவிட்டார். "யப்பா! உசுரோட கீறாருய்யா!" அபினுடையதைச் சுருட்டி ஓரமாக வைத்தார்கள். ஜெரி அன்று பிரியாணி பார்சல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

திருவிழா அன்று சாயங்காலம் வளைவில் படம் ஏறி, சீரியல் பல்பும் எரிந்தது. பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு நடத்தும் எல்சி அக்கா, ஜெபமாலையை உருட்டியபடி அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஜெரி, யார்டா இந்தப் பொம்பள?"

"சும்மா, ஜனங்கக்கா."

"ஜனங்களா? இன்னாத்துக்கு வெரல நீட்டிகினு கீது? கீழ நெருப்பு வேற கீது..." அவள் ஜெபமாலை நின்றுவிட்டது. "ஐயய்யோ, சேசுவே! இது தலைமைக் குரு வூட்டு முற்றம்டா! அந்த வேலக்காரி, 'நீயும் சேசுவோட இருந்தவன்தான'ன்னு கேக்குறா. இவரு 'அந்த ஆள எனக்குத் தெரியவே தெரியாது'ன்றாரு. சேசுவ மறுதலிச்ச ராத்திரிய கொண்டாந்து திருவிழாக்கு மாட்டிகீறியே!"

ஹென்றி அண்ணன் முகம் கறுத்துவிட்டது. "இன்னாடா கலீஜு பண்ணி வெச்சிகீற? பங்குச் சாமியாரு வந்துகினு கீறாரு. இத அவுத்துடுங்க! அபின் படத்த எடுங்கடா!" கூட்டம் அப்படியே திரும்பி ஜெரியைப் பார்த்தது. அபினும் அங்கேதான் நின்றிருந்தான். அவன் முன்னால் இந்த அவமானமா என்று ஜெரிக்கு உயிரே போனது.

"இருங்க" என்றாள் எல்சி அக்கா. அவள் இன்னும் கண்ணை எடுக்கவில்லை. "சாவியப் பாருங்க. சாவிய கைல வெச்சிகினே தெரியாதுன்றாரு." "நாம மட்டும் இன்னா? தெனம் கோயிலுக்குப் போய்கினே தான் பொய் சொல்றோம். மறுதலிச்சிட்டு அழுதது இவரு, அப்பால சாவி வெச்சிகீறதும் இவருதான். அவுக்காதீங்க ஹென்றிண்ணா. அப்டியே கீட்டும்."

பின்னால் நின்ற மீன்காரப் பெண்களில் ஒருத்தி முக்காடு போட்டுக்கொண்டு முட்டி போட்டாள். அப்புறம் அவிழ்க்க யார் வருவார்கள்? ஹென்றி அண்ணன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

"தெரிஞ்சிதான் வெச்சியாடா?"

"பின்ன? தெரியாமயா?" என்றான் ஜெரி.

"புக்கு ஜெரின்னா சும்மாவா!" என்று யாரோ முதுகில் தட்டினார்கள்.

சுற்றுப்பிரகார ஊர்வலம் கிளம்பி, கூட்டம் மேளத்தோடு நகர்ந்த பிறகு அபின் பக்கத்தில் வந்தான். அவன் முகத்தில் இருந்ததை ஜெரி உடனே அடையாளம் கண்டுகொண்டான். பல வாரமாகக் கண்ணாடியில் பார்த்து வந்த அதே முகம். பொறாமை. பையன் வெந்துகொண்டிருந்தான்.

"அண்ணே, அந்தப் படம் நானும் பாத்தேன். திருவிழாவுக்கு வைக்க எனக்கு தைரியம் வரல்ல. ஒரிஜினல்ல சாவி கெடையாதுல்லா? அது உங்க யோசனதானே? எனக்கு அது தோணவே இல்லியேன்னு மனசு ஆறலண்ணே."

இதைக் கேட்கத்தான் ஜெரி தவமிருந்தான். கேட்டதும் வாயெல்லாம் இனித்திருக்க வேண்டும். மாறாக நாக்கு வறண்டது.

"இந்தப் படம் எங்கேந்துண்ணே எடுத்திய?"

"புக்குலேந்துதான்."

"இவ்வளவு தெளிவாவா? அந்தப் புக்க ஒரு தடவ காட்டுவியளா? தொடக்கூட மாட்டேன், தூரத்துலேந்து பாத்துக்கிடுதேன்."

"புக்கெல்லாம் காட்டறதுக்கில்லபா. என்னாண்ட கீறது புக்கு மட்டும்தான். அந்த மியூசியம் சைட்டுலாம் எனக்குத் தெரியவே தெரியாது."

மேளச் சத்தம் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டிருந்தது.

"மியூசியம்னு நான் சொல்லவே இல்லியேண்ணே" என்றான் மெதுவாக.

ஜெரியின் கை தானாகச் சட்டைக்கு மேல் போய், நெஞ்சில் தொங்கிய பென்டிரைவைப் பொத்திக்கொண்டது. அபின் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி, வளைவில் இருந்த இராயப்பரின் கையைப் பார்த்தான்.