வாப்பாவின் கைக்கு ஒரு மணிக்கூடு

என் வாப்பாவின் கையில் ஒரு மணிக்கூட்டைக் கட்டிவிட எனக்கு நான்கு நாட்கள் பிடித்தன. அப்போது எனக்குப் பத்து வயது. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்று வீட்டில் எனக்குப் பெயர். பெயர் வந்தபிறகு அதைக் காப்பாற்றத்தானே வேண்டும்.

மணிக்கூட்டைக் கொண்டுவந்தவர் மாமா, உம்மாவின் தம்பி. லண்டனில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். ஒன்பது வருடங்களுக்குப் பிறகு ஒரு வார லீவில் எங்கள் கற்பிட்டிக்கு வந்தவர், எல்லோருக்கும் சொக்லேட்டும் சவர்க்காரமும் கொடுத்துவிட்டு வாப்பாவுக்கு மட்டும் ஒரு நீலப் பெட்டியை நீட்டினார். உள்ளே மஞ்சளாக மின்னும் கைமணிக்கூடு. முகப்பில் சின்னச் சின்ன வள்ளங்கள். கூடவே ஒரு சிறு புத்தகம். அதில் இருந்ததை மாமா எங்களுக்குத் தமிழில் சொன்னார். உலகப் போரின்போது ஒரு கடற்கரையில் அகப்பட்டுக்கொண்ட ஆமிக்காரர்களை ஏற்றிவரப் பெரிய கப்பல்களோடு மீன்பிடி வள்ளங்களும் திரும்பத் திரும்பப் போயினவாம். அந்த மீட்பின் நினைவாகச் செய்த மணிக்கூடாம் இது.

“மச்சான், கடைக் கண்ணாடிக்குள்ள இதக் கண்டதும் உங்கட ஞாபகம்தான் வந்திச்சு. நீங்க இல்லாட்டி நான் இண்டைக்கு எங்க?” என்றார் மாமா.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. தொண்ணூறில், முஸ்லிம்கள் எல்லோரும் மன்னாரை விட்டுப் போய்விட வேண்டும் என்று ஆயுதக்காரர்கள் சொன்னபோது, வாப்பா தன் வள்ளத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கற்பிட்டிக்கு வந்தவர். அந்த வள்ளத்தில் பதினொரு வயதுப் பையனாக மாமாவும் இருந்தார். நான் பிறப்பதற்கு முந்திய கதை. எங்கள் தெருவில் பெரியவர்கள் கூடினால் அந்தக் கதைதான் ஓடும். வாப்பா மட்டும் மெல்ல எழுந்து போய்விடுவார். பெருமை பேசத் தெரியாத மனிதர் என்று நினைத்து, அதற்கும் சேர்த்து நான் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

வாப்பா மணிக்கூட்டைக் கையில் கட்டவில்லை. ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு உம்மாவிடம் கொடுத்தார்.

“தங்கம் ஆம்பிளைக்கு ஹராம். அலுமாரியில வைங்க.”

“மச்சான், இது தங்கமில்ல. கலர் மட்டும்தான்,” என்றார் மாமா.

“அது ஆருக்குத் தெரியும்?”

விடியற்கால சுபஹ் தொழுகையை அடிக்கடி கடலுக்கு விட்டுக்கொடுக்கும் வாப்பாவுக்குத் திடீரென்று இவ்வளவு பேணுதல் எங்கிருந்து வந்தது என்று உம்மாவாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெட்டியை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். மாமாவின் முகம் தொங்கிப்போனது. அன்றிரவு அவர் இறால் கறியைக்கூடச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை தூரம் கொண்டுவந்த மனிதர் வெள்ளிக்கிழமை விடிய விமான நிலையத்துக்கு வான் ஏறிவிடுவார். அதற்குள் வாப்பா அதைக் கட்டியாக வேண்டும், மாமா அதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். நான் முடிவெடுத்துவிட்டேன்.

முதல் இரண்டு நாட்கள் கெஞ்சிப் பார்த்தேன், பலிக்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். உம்மா என் பங்கு மீனைப் பூனைக்குப் போட்டார். வியாழக்கிழமை காலையில் அலுமாரிச் சாவியை எடுத்து, மணிக்கூட்டை லேஞ்சித் துணியில் சுற்றிப் புத்தகப் பையின் அடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைத்தெருவுக்கு நடந்தேன்.

அங்கே முன்னேஸ்வரத்துப் பக்கத்திலிருந்து வந்து நகைக்கடை வைத்திருந்த பத்தர் ஒருவர் இருந்தார். மணிக்கூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வீட்டில தெரியுமா பிள்ளை?”

“ஓம்,” என்றேன். பொய்தான். நல்ல காரியத்துக்குச் சொன்ன பொய்.

மணிக்கூட்டின் விளிம்பைக் கறுப்பு உரைகல்லில் தேய்த்தார். விழுந்த கோட்டின்மேல் ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். கோடு கரைந்து காணாமல் போனது.

“தங்கமெண்டா நிண்டிருக்கும். இது வெறும் மினுக்கம்.”

“அத எழுதித் தாங்க.”

“எத?”

“தங்கமில்ல எண்டு. சீலும் குத்தித் தாங்க.”

பத்தர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். “நாப்பது வருசமாத் தங்கமெண்டு எழுதிக் குடுக்கிறன். தங்கமில்லையெண்டு எழுதித் தரச் சொல்லி வந்த முதல் ஆள் நீதான்,” என்றார். ஆனாலும் எழுதினார், கையொப்பம் வைத்தார், சீலும் குத்தினார். மணிக்கூட்டின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்திருந்தது. உண்மையை நிரூபிக்க விழுந்த கீறல்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

வாப்பா முற்றத்தில் வள்ளத்து எஞ்சினைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மாமா கதிரையில் உட்கார்ந்தபடி, லண்டனுக்குக் கொண்டுபோகும் கருவாட்டைப் பேப்பரில் சுற்றி, அதன்மேல் இன்னொரு பேப்பரைச் சுற்றி, அதற்கும் மேலே பொலித்தீன் சுற்றிக்கொண்டிருந்தார். மூன்று பேரும் இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. மணிக்கூட்டையும் சீட்டையும் வாப்பாவின் முன்னால் வைத்தேன்.

“தங்கமில்ல வாப்பா. பத்தரே எழுதித் தந்தவர். இனிக் கட்டுங்க.”

களவாக எடுத்துப் போனதற்கு அடி விழும் என்று எதிர்பார்த்தேன். வாப்பா கையைத் துடைத்துவிட்டுச் சீட்டை எடுத்து இரண்டு தடவை வாசித்தார்.

“மகள், இது திரும்பத் திரும்பப் போய் ஏத்தினவங்களுக்குச் செஞ்சது. நான் ஒரு நடைதான் வந்தது,” என்றார்.

“ரெண்டாம் நடை ஏன் போகல்ல?”

“மண்ணெண்ணெய் முடிஞ்சுபோச்சு.”

இதுவும் ஒரு காரணமா என்று எனக்கு எரிச்சல் வந்தது. “இங்க ஆரிட்டயாச்சும் கேட்டிருந்தாத் தந்திருப்பாங்கதானே வாப்பா?”

உம்மாவின் கத்தி நின்றது. மாமா கருவாட்டுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலிப்பக்கம் முகத்தைத் திருப்பினார். வாப்பா இடது கையை நீட்டினார்.

“கட்டிவிடுங்க மகள்.”

தொண்ணூறில் வாப்பாவின் வள்ளம் வந்து சேர்ந்த அன்று கற்பிட்டிக் கரையில் ஆட்கள் மண்ணெண்ணெய்க் கலன்களோடு காத்து நின்றார்கள் என்பதை, எனக்குக் கல்யாணமான பிறகுதான் உம்மா சொன்னார். முதல் நடையில் உம்மாவின் குடும்பத்தை ஏற்றிய வாப்பா, தன் கூடப்பிறந்த ராத்தாவையும் அவருடைய கைக்குழந்தையையும் அடுத்த நடைக்கு வரச்சொல்லி மன்னார்க் கரையில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். அந்தக் கடலுக்குள் மறுபடி இறங்க அவருக்குப் பயம் வந்துவிட்டது. மணலில் குந்தியவர் எழும்பவேயில்லை. மூன்று நாட்கள் கழித்து வேறு யாருடைய வள்ளத்திலோ அந்த ராத்தா, என் மாமி, வந்து இறங்கினார். குழந்தை இல்லை. வெயிலிலும் தாகத்திலும் அது கரையிலேயே மௌத்தாகிவிட்டது.

இதில் எதுவும் அன்று எனக்குத் தெரியாது. நான் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் வாப்பா கையை நீட்டினார் என்பதும் தெரியாது. வாரை இறுக்கிக் கட்டினேன். மாமா கண்ணைத் துடைப்பதைப் பார்த்து, சந்தோஷத்தில்தான் அழுகிறார் என்று நினைத்தேன். வாப்பா மணிக்கூடு கட்டிட்டார் என்று கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடினேன்.