கூறு போட்ட வேன்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். அது அந்தமானில் இருப்பவனைப் பார்த்துச் சொன்னதுதான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். சுற்றிலும் உப்புத்தண்ணீர், உப்புப் பாக்கெட் மட்டும் கப்பலில் வர வேண்டும்.

என் அக்காவின் வீட்டுக்காரர் சௌல்தாரி கிராமத்தில் காய்கறி போடுகிறவர். பாகற்காயும் கீரையும் ஏற்றிக்கொண்டு விடியும்போது போர்ட் பிளேர் மார்க்கெட்டுக்கு வருவார். மார்க்கெட் வாசலில் என் டீக்கடை. அவர் வேனுக்கு ஏற்றத்தில் ஒரு இருமல் உண்டு. அது கேட்டதும் நான் டீ ஆற்றத் தொடங்கிவிடுவேன்.

கடல்காற்று வண்டியை அடியிலிருந்து தின்னும். வேனின் தரை ஓட்டையாகி, மச்சான் பலகை போட்டு ஓட்டினார். கேட்டால் ‘சலேகா’ என்பார். ஓடும், போதும், பரவாயில்லை எல்லாம் எங்கள் தீவு இந்தியில் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். ஆனால் எஃப்.சி. தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோன இடத்தில் சலேகா எடுபடவில்லை. பலகையைத் தூக்கிப் பார்த்த இன்ஸ்பெக்டர், இனி இந்த வண்டி ரோட்டில் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் சர்க்கார் சலுகை காதில் விழுந்தது. பழைய வண்டியை அங்கீகாரம் பெற்ற உடைப்புக்கூடத்தில் ஒப்படைத்தால் சான்றிதழ் கொடுப்பார்கள்; அதைக் காட்டினால் புது வண்டிக்கு வரி குறையும், கம்பெனிக்காரனும் விலையில் கொஞ்சம் தள்ளுவான். நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். மச்சானுக்குச் சொல்லப்பட்ட கூடம் மட்டும் மெயின்லேண்டில் இருந்தது. கப்பல் கூலி போக மிஞ்சுவது அதிகமில்லை என்று என் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். அந்தக் கொஞ்சம் இருந்தால்தான் புது வேனுக்கு முன்பணம் தேறும். முன்பணம் தேறினால்தான் லோன். வேன் இல்லாவிட்டால் கீரை கொல்லையிலேயே வாடும். அனுப்பிவிடுவது என்று முடிவானது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். உதிரி சாமான் கப்பலில் வரும்வரை யாராலும் வண்டியை நிறுத்திவைக்க முடியாது. அதனால் ஒருவர் வண்டி செத்தது என்றால் அக்கம்பக்கத்தார் வந்து கேட்பார்கள், கிடாக்கறியைக் கூறு போடுகிற மாதிரி பங்கு போய்விடும். கண்ணாடி ஒருவருக்கு, சீட் ஒருவருக்கு. காசு வாங்குவதில்லை, நாளைக்கு நமக்கும் தேவைப்படும். பக்கத்துத் தோட்டத்து வங்காளியை, அண்ணன் என்ற பொருளில், தாதா என்போம். அவருடைய அதே ரக வேன் இன்ஜின் போய் வெகுநாளாக நின்றுகொண்டிருந்தது. மச்சான் இன்ஜினையே இறக்கிக் கொடுத்துவிட்டார். உடைக்கப்போகிற வண்டிதானே, தராசில் இரும்பு இரும்புதானே என்று அவர் கணக்கு. எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

கப்பல் ஏஜெண்ட் வண்டியைப் பார்க்க வந்த அன்று நானும் போயிருந்தேன். சுற்றி வந்தவர் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். மச்சான் சிரித்துக்கொண்டே பானெட்டைத் திறந்து காட்டினார். ஏஜெண்ட் சிரிக்கவில்லை. கூடத்தில் முழு வண்டியைத்தான் எடுப்பார்கள், இன்ஜின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் சான்றிதழ் கிடையாது என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தாதாவிடம் திருப்பிக் கேட்டுவிடலாம் என்றேன். கேட்டால் மறுக்கிற மனிதர் இல்லை.

“அவன் வண்டி இப்பதான் மாப்ள ஓடுது. அவனுக்கும் புள்ள குட்டி இருக்கு” என்றார் மச்சான். பிறகு, “குடுத்த கறிய சட்டியில இருந்து எடுப்பாங்களா?”

எனக்குப் பழமொழிகள் என்றால் உயிர். அன்றைக்கு இதையும் அவற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.

முன்பணம் தேறவில்லை, லோனும் வரவில்லை. வேன் பாக்குமரத்தடியில் நிற்கிறது. அக்கா அதற்குள் கோழி அடைக்கிறாள். மச்சான் இப்போது தாதாவின் வேனில் கிடைக்கிற இரண்டு மூட்டை இடத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கொண்டுவருகிறார். மீதி வீட்டிலேயே வதங்குகிறது. தாதா வாடகை வாங்குவதில்லை. உன் இன்ஜின்தான் இழுக்கிறது, உன்னிடமா காசு என்று இந்தியில் சொல்லித் தோளில் தட்டுவாராம். மச்சானுக்கு அதுதான் மனசுக்கு ஒப்பவில்லை.

இப்போதும் விடியலில் ஏற்றத்தில் இருமல் கேட்கும். நான் டீ ஆற்றத் தொடங்குவேன். வேன் வந்து நிற்கும், மச்சான் இடதுபக்கக் கதவைத் திறந்து இறங்குவார். ஒருநாள் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்:

“ஏத்தத்துல இருமுன ஒடனே கியர மாத்தணும் மாப்ள. அவன் மாத்துறதில்ல. என் காலுதான் கிளட்ச்சுன்னு நெனச்சு சும்மா அழுத்திக்கிட்டே வருது, கீழ ஒண்ணுமில்லாத இடத்துல.”

டீயைப் பாதியில் வைத்துவிட்டு மூட்டையைத் தோளில் ஏற்றினார்.