நான்கு காலா, மூன்று காலா

காகித மானின் வயிற்றில் இருந்த ஓட்டையைப் பயிற்சியாளர் பென்சில் முனையால் தொட்டுக் காட்டினார். அதற்கு ஒரு சாண் தள்ளி, மானே இல்லாத வெள்ளைப் பகுதியில் இன்னொரு ஓட்டை. இரண்டும் நான் சுட்டவை. அது அன்றைய என் மூன்றாவது முயற்சி. நான்காவது கிடையாது, ஐந்து வாரம் கழித்து மறுபடி வாருங்கள் என்றார்.

லண்டனின் வடமேற்கு விளிம்பில் ஒரு காட்டைப் பராமரிக்கும் குழுவில் அப்போதுதான் உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். அங்கே வெட்டிய மரங்களின் அடியிலிருந்து துளிர்க்கும் குருத்தையெல்லாம் மான்கள் தின்றுவிடும். இந்த நாட்டில் மானைத் துரத்த ஓநாயும் இல்லை, சிறுத்தையும் இல்லை. அதனால் ஆட்களே சுட்டு எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். குழுவில் எல்லோரிடமும் அதற்கான சான்றிதழ் இருந்தது. தகுதிகாண் காலம் முடிவதற்குள் நானும் வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலையோடு கட்டிய விசாவும் இல்லை. எனக்கு இரண்டு மாதம் மிச்சமிருந்தது.

சுடும் தேர்வு சொல்வதற்கு எளிது. நூறு மீட்டரில் படுத்துக்கொண்டு இரண்டு குண்டு, எழுபதில் உட்கார்ந்து இரண்டு, நாற்பதில் நின்றபடி இரண்டு. ஆறும் மானின் நெஞ்சில் வரைந்த வட்டத்துக்குள் விழ வேண்டும். துப்பாக்கியை அவர்களே தருவார்கள். தாங்கிப் பிடிக்க உதவும் சாமானை நாம் கொண்டுபோகலாம். நான் ஒரு பைபாட் வாங்கியிருந்தேன். துப்பாக்கியின் முன்பகுதிக்கு அடியில் மாட்டும் இரண்டு குட்டிக் கால்கள் அது. இழுத்தால் உட்கார்ந்து சுடும் உயரத்துக்கு நீளும். படுத்தும் உட்கார்ந்தும் சுட்ட நான்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே விழுந்தன. நின்று சுட்டவைதான் ஊர் சுற்றின.

நின்று சுடுகிறவர்கள் துப்பாக்கியைத் தாங்கிப் பிடிக்கச் சுவரோரம் நீளக் கம்புகள் சாத்தி வைத்திருந்தார்கள். "வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம்" என்று பயிற்சியாளர் சொன்னது என் காதில் விழாமல் இல்லை. ஆனால் அந்த "வேண்டுமென்றால்" எனக்கு வேறு விதமாகக் கேட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தேர்வு அறையில் கண்ணை வலப்பக்கம் திருப்பக்கூடப் பயந்தவன். உதவி உண்டு, ஆனால் எடுக்காதவனுக்குத்தான் மதிப்பு என்று நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்.

தோற்று வெளியே வந்து மரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம் போனில் பேசி முடித்ததும் பக்கத்தில் ஒரு குரல்.

"தம்பி இந்தியாவோ?"

காலையிலிருந்து அதே குழுவில் இருந்தவர்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். ரெய்னர்ஸ் லேனில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். கடைக்கு மான் இறைச்சி கேட்டு ஆட்கள் வருகிறார்களாம். எப்படிச் சுடுகிறார்கள் என்று தெரியாமல் வாங்கி விற்கப் பிடிக்காமல் படிக்க வந்திருந்தார். முதல் முயற்சியிலேயே தேறிவிட்டார்.

"நீர் என்னத்துக்கு அந்தக் கம்பை எடுக்கேல்லை?"

"அது பிட்டு அடிக்கிற மாதிரி இருந்துச்சுண்ணே."

"பிட்டை ஏன் தம்பி அடிக்கிறீங்கள்? அவிக்கிறதெல்லோ?"

பரீட்சையில் துண்டுச் சீட்டைப் பார்த்து எழுதுவதை எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம் என்று விளக்கினேன். "ஓ, கொப்பி அடிக்கிறது" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"உம்மட முதல் வெடி வயித்தில பட்டது. உயிரோட நிண்ட மான் எண்டா அது விழாது. ஓடும். எங்கயாவது பத்தைக்குள்ள கிடந்து, ஒரு நாளோ ரெண்டு நாளோ கழிச்சுத்தான் சாகும். நீர் கம்பு பிடிச்சுச் சுட்டீரோ, சும்மா நிண்டு சுட்டீரோ எண்டு அதுக்கு என்ன தெரியும்?"

வேலை போய்விடுமே என்று மட்டும்தான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, வீட்டில் பழக எனக்கென்று ஒரு கம்பு வாங்க அவருடைய வேனில் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். செவ்வாயும் வெள்ளியும் சனங்கள் இறைச்சி வாங்குவது குறைவு, அவருடைய தம்பி கடையைப் பார்த்துக்கொள்வார். நான் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டுக்கொண்டு போயிருந்தேன். மேலே ஒற்றைக் கால், இரண்டு கால், மூன்று கால், நான்கு கால். பக்கவாட்டில் எடை, உயரம், விரிக்க ஆகும் நேரம், சத்தம், மடித்தால் நீளம்.

"என்ன, கலியாணப் பொருத்தம் பாக்கிறியளோ?" என்று எட்டிப் பார்த்தார். "ரஜ்ஜு இருக்கோ எண்டு முதல்ல பாரும். அது இல்லாட்டி மிச்சம் சரிவராது."

கடைக்காரப் பெண்மணி பொறுமைசாலி. மரத்தில் செய்த போலித் துப்பாக்கி ஒன்றைக் கையில் கொடுத்து, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த சின்னப் பொட்டைக் குறிபார்க்கச் சொன்னார். ஒற்றைக் கம்பில் பொட்டு நாலா பக்கமும் ஆடியது. இரண்டு காலில் மேலும் கீழும் ஆடவில்லை, பக்கவாட்டில் ஆடியது. மூன்று கால் நன்றாக நின்றது. முன்பகுதி உச்சியில் இருந்த V வடிவக் கவைக்குள் உட்கார, பின்பகுதி என் தோளை நம்பியிருந்தது. ஆனால் அந்தக் கம்பு ஆறடி ஆட்களுக்குச் செய்தது. நான் ஐந்தடி நாலு. முழுதாக நிறுத்தியபோது கவை என் நெற்றிக்கு நேரே வந்தது.

"உமக்கு ஒரு ஸ்டூலும் சேத்து வாங்குவம்" என்றார் கசாப்புக்காரர்.

கால்களை அகட்டினால் உயரம் குறையும் என்று பெண்மணி காட்டினார். பிறகு நான்கு காலை விரித்தார். அதில் துப்பாக்கியின் முன்பகுதிக்கு ஒரு பிடி, பின்பகுதிக்கு இன்னொரு பிடி. நான் வெறுமனே கன்னத்தை வைத்துச் சாய்ந்தேன். பொட்டு நின்ற இடத்தில் நின்றது. என் நெஞ்சு துடிப்பதுகூட அதில் தெரியவில்லை.

இதுதான் என்று சொல்லிவிட்டேன். அப்போது பெண்மணி ஒன்று சொன்னார். நான்கு கால் ஒரே திசைக்குத்தான் நல்லது. மான் பக்கவாட்டில் நகர்ந்தால் முழுச் சட்டத்தையும் தூக்கித் திருப்ப வேண்டும். மூன்று கால் என்றால் இருந்த இடத்திலேயே திரும்பலாம், ஆனால் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், பழக வேண்டும்.

"அப்ப சோதினைக்கு எண்டா நாலு, காட்டுக்கு எண்டா மூண்டு" என்றார் கசாப்புக்காரர். "நீர் எதுக்கு வாங்கிறீர்?"

நோட்டுப் புத்தகத்தில் அந்தக் கட்டம் இல்லை. இரண்டையும் வாங்க என் சம்பளம் இடம் தராது. பன்னிரண்டாம் வகுப்பில் பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகளை மட்டும் படித்து, நடுவில் இருந்த பாடத்தைக் கல்லூரிக்குப் போன பிறகு முதல் தடவையாக வாசித்தவன் நான். அதை எப்போதாவது யாரிடமாவது சொல்ல நேர்ந்தால் கூச்சமாக இருக்கும். அதே கூச்சம் அந்தக் கடையிலும் வந்தது.

"முதல்ல பாஸ் ஆகணும்ணே."

"அது சரிதானே. அதைச் சொல்ல ஏன் முகத்தை இப்பிடி வச்சிருக்கிறீர்?"

நான்கு காலை வாங்கினேன்.

கிங்ஸ்பரியில் என் அறையின் திரையை மூடிக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் பழகினேன். துப்பாக்கிக்குப் பதில் குடை. குறி, சுவரில் இருந்த லைட் சுவிட்ச். கம்பை விரி, குடையை வை, கன்னத்தைச் சாய், மூச்சைப் பாதி விடு, நிறுத்து. முதல் நாள் இதற்கெல்லாம் அரை நிமிடம் பிடித்தது. இரண்டாவது வாரத்தில் பத்து எண்ணுவதற்குள் முடிந்தது.

ஒருநாள் அப்பா வீடியோவில் கூப்பிட்டபோது கம்பை மறைக்க மறந்துவிட்டேன்.

"என்னடா அது, ரூமுக்குள்ள பந்தக்கால் நட்டு வெச்சிருக்க?"

அதுவரை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னேன்.

"மானையா? டேய், புடிச்சு உள்ள போட்டுருவாண்டா. ஜாமீனே கிடைக்காது."

"இங்க அப்படி இல்லப்பா. மான் ரொம்பப் பெருகிடுச்சு. சுடுறதுதான் எங்க வேலையே."

"பையன் பாரஸ்ட்ல இருக்கான், மானு மயிலையெல்லாம் காப்பாத்துறான்னு இங்க சொல்லிட்டுத் திரியுறேன்."

"மரத்தைக் காப்பாத்துறேம்பா."

"சரி, அப்ப மரம்னே சொல்லிக்கிறேன்" என்றார்.

மறுதேர்வும் ஒரு செவ்வாய்க்கிழமை. கசாப்புக்காரரே வேனில் கூட்டிப்போனார். வழியெல்லாம் வன்னியில் சின்ன வயதில் சாப்பிட்ட மரை வத்தல், அதாவது வெயிலில் காயவைத்த மான் இறைச்சி, பற்றியே பேசினார். நான் பதற்றப்படாமல் இருக்கத்தான் பேசினார் என்று நினைக்கிறேன். படுத்து இரண்டு, உட்கார்ந்து இரண்டு, பழையபடி உள்ளே. நாற்பது மீட்டர் கோட்டுக்கு வந்தபோது தூறல் தொடங்கியது. கம்பை விரித்தேன். யாரும் என்னை மட்டமாகப் பார்க்கவில்லை. உண்மையில் யாரும் என்னைப் பார்க்கவே இல்லை. கன்னத்தைச் சாய்த்தேன். இரண்டு குண்டுகளும் வட்டத்துக்குள், ஒன்றையொன்று தொடும் தூரத்தில் விழுந்தன. பயிற்சியாளர் தாளில் குறித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

"இவ்வளவுதானோ? நான் வெடி கேக்க முதலே தேத்தண்ணி வாங்கப் போயிட்டன்" என்றார் கசாப்புக்காரர்.

பத்து நாள் கழித்து, விடியற்காலையில் குழுத் தலைவியோடு முதன்முறையாக மான் சுடப் போனேன். என்னைவிட ஒரு தலை உயரமான, அதிகம் பேசாத பெண். நாங்கள் தேடியது முண்ட்ஜாக், நம் பக்கத்துக் கேளையாட்டின் உறவு. நாய் உயரம்தான் இருக்கும், ஒரு இடத்தில் நிற்காது. இடுப்பளவு பெரணி வளர்ந்த இடம். படுத்தால் தண்டுகளைத் தவிர ஒன்றும் தெரியாது, பைபாடை அறையிலேயே விட்டிருந்தேன். காட்டுக்குள் போகும் வண்டித்தடத்தைப் பார்த்து நான்கு காலை நிறுத்தி, குழுவின் துப்பாக்கியை வைத்துக் காத்திருந்தேன். எதிரே மண்மேடு, குண்டு போய்ப் புதைய நல்ல இடம்.

அது தடத்தில் வரவில்லை. வலப்பக்கமாக, பெரணியை விலக்கிக்கொண்டு ஒரு ஆண் வெளியே வந்து நின்றது. முப்பது மீட்டர் இருக்கும். அந்தப் பக்கமும் பின்னால் சரிவான மண்தான், சுடலாம். தலைவி மெல்ல என் முழங்கையைத் தொட்டார். கம்பைத் தூக்கித் திருப்பினால் அது ஓடிவிடும். துப்பாக்கியை மட்டும் எடுத்துக் கையில் பிடித்துச் சுட முடியும். எனக்கு அப்படிச் சுடத் தெரியும். எங்கே படும் என்றும் தெரியும்.

நான் அசையவில்லை. அது எங்களை மோப்பம் பிடித்து, வாலைத் தூக்கி, வெள்ளை தெரிய உள்ளே போய் மறைந்தது. சிறிது நேரத்தில் தூரத்தில் நாய் மாதிரி இரண்டு தடவை குரைத்தது.

"ஏன்?" என்று கேட்டார்.

"கம்பு அந்தப் பக்கம் இல்லை" என்றேன்.

தலையாட்டினார். குண்டை வெளியே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வண்டிக்கு நடக்கும்போது, முதல் நாளே வெறும் கையோடு திரும்புவது என் தகுதிகாண் அறிக்கையில் ஏறுமா என்று கேட்டேன். அவர் நின்று திரும்பிப் பார்த்தார். வேலையை உறுதி செய்யும் கடிதத்தில் நேற்று மாலையே கையெழுத்துப் போட்டு அனுப்பியாகிவிட்டது, உனக்கு யாரும் சொல்லவில்லையா என்றார்.

வண்டியின் பின்பக்கம் வேலிக் கம்பிச் சுருள்களால் நிறைந்திருந்தது. ஈரக் கம்புகளை முழங்காலுக்கு நடுவே பிடித்துக்கொண்டு அலுவலகம் வரை உட்கார்ந்து வந்தேன்.