மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தெரு

அரியலூர் ஆபீஸில் எங்கள் கண்காணிப்பாளரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு புகைப்படம் இருந்தது. சென்னையில் அவர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து எடுத்தது: கோபுரம், தெப்பக்குளத்தின் ஒரு மூலை, பூக்கடைகள். "காலையில நாதஸ்வரம், சாயங்காலம் கச்சேரி. மனுஷனாப் பொறந்தா எங்க தெருவுல ஒரு வருஷமாவது இருக்கணும் தம்பி. இங்க என்ன இருக்கு, சிமெண்ட் லாரியும் புழுதியும்" என்பார். வரதராஜன்பேட்டைப் பக்கத்து முந்திரிக்காட்டுக் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து வேலைக்கு வந்தவன் நான். படிப்பு கடைசியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடம் அந்தத் தெருதான் என்றே நம்பினேன். வாராவாரம் சென்னைக்குப் போய்வருபவர், கோயில் திருவிழா நடக்கும் நாட்களில் மட்டும் வீட்டுக்குப் போகமாட்டார். அரியலூர் லாட்ஜிலேயே கிடப்பார். "ஒரே கும்பல்ப்பா. மேளச் சத்தத்துல தூங்க முடியல."

எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தபோது அவர் வீட்டு மாடிப் போர்ஷன் காலியாக இருந்தது. அவரே சொன்னதுதான். அப்பா கொடுத்துவிட்ட முந்திரிப்பருப்போடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாடகைக்குக் கேட்டேன். தெருப்பக்கத்து ஜன்னல்களையெல்லாம் சாத்தி, சத்தம் வராமல் இடுக்குகளில் டேப் ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஏசி, டிவியில் சீரியல். கச்சேரி நடக்கும் சபா எதிர்ச்சாரியில்தான். அதற்குள் போய் எத்தனை வருஷமாயிற்று என்று அவருக்கே நினைவில்லை. முந்திரிப் பையை வாங்கி உள்ளே கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"வீட்டுல கறி சமைப்பீங்கல்ல?"

"சமைப்போம் சார்."

"எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. தெருவுல இருக்கறவங்க ஏதாவது சொல்லுவாங்க. இது கல்ச்சர் உள்ள எடம் பாரு."

அப்பா போனில் கேட்டார், "வூடு கெடைச்சுதா?"

"இல்லப்பா. தெருவுல ஏதாவது சொல்லுவாங்களாம்."

"முந்திரிய வாங்கிக்கிட்டாரா?"

"வாங்கிக்கிட்டாரு."

"அதுக்குத் தெருவுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாமா?"

பண்பாட்டையும் கார் நிறுத்துமிடம், போர்வெல் தண்ணீர் போல வீட்டோடு வந்த ஒரு வசதியாகத்தான் அவர் வைத்திருந்தார். தான் அனுபவிக்க அல்ல; அது இல்லாதவனிடம் சொல்லிக்கொள்ள. அதற்கு அரியலூரும் நானும் தேவைப்பட்டோம். அவருடைய தெருவிலேயே இருப்பவனிடம் அந்தப் பெருமை செல்லுபடியாகுமா?

புறநகரில் ஒரு மேன்ஷன் அறையில் காலம் தள்ளிவிட்டு, பதவி உயர்வில் அரியலூருக்கே திரும்பி வந்தேன். அவர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அதே மேசை எனக்கு வந்தது. படம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, உரித்தால் வரவில்லை. போன வாரம் மனு கொடுக்க வந்த ஒரு அம்மா குனிந்து பார்த்து, "எந்த ஊரு கோயிலுங்க சார்?" என்றார்.

"முன்னாடி இங்க இருந்த சாரோட தெருங்க. அவரே சரியாப் பார்த்ததில்ல" என்று சொல்லிவிட்டு, டீ கிளாஸைக் கோபுரத்தின் மேல் வைத்தேன்.