முனிர்காவிலிருந்து கிளம்பிய ஜெர்மன் கார்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்துக்குப் புதுடெல்லி நிலையத்தில் இறங்கினேன். பாளையங்கோட்டையிலிருந்து சென்னை, அங்கிருந்து இரண்டாயிரத்து நூற்றெண்பது கிலோமீட்டர். போகும்போது ரயில், திரும்பும்போது கார் என்பது ஏற்பாடு. அறுபத்திரண்டு வயதில் தனியாகப் போய் ஒரு பெரிய வண்டியை ஓட்டிக்கொண்டு வரப் போகிறேன் என்றதும் தெருவில் பாதிப் பேர் சிரித்தார்கள். தபால் துறையில் வேலை பார்த்த முப்பது வருடமும் நான் கார் ஓட்டியவள்தான். ஆனால் என்னுடையது கைக்கடக்கமான சின்னக் கார்.

ஓட்டி வரவேண்டிய வண்டி என் அண்ணன் சங்கரநாராயணனுடையது. 2015-ஆம் ஆண்டு மாடல் ஜெர்மன் செடான், டீசல். பொதுத்துறை நிறுவனத்தில் பொறியாளராக ஓய்வுபெற்றபோது, மதினி உட்பட எல்லோரும் திட்டத் திட்ட வாங்கியது. டெல்லியில் டீசல் வண்டிக்குப் பத்து வயதுதான் ஆயுள், அதற்குமேல் வெளிமாநிலத்துக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். "பழைய இரும்புக்குப் போட மனசில்ல. நீ வந்து எடுத்துட்டுப் போ. நானும் கூட வாரேன்" என்று போனில் சொன்னார். தடையில்லாச் சான்றும் வாங்கி வைத்துவிட்டார்.

நிலையத்துக்கு அண்ணன் மகள் மீரா வந்திருந்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், குருகிராமில் ஒரு கம்பெனியில் பெரிய வேலை. "அத்தை, ஜல்தி ஏறுங்க, பின்னாடி ஹார்ன் அடிக்கிறான்" என்று பெட்டியைப் பிடுங்கித் தன் காரில் போட்டாள். மார்ச் முதல் வாரம், குளிர் விலகிக்கொண்டிருந்தது. சாந்திபத் சாலையில் இலவமரங்கள் ஓர் இலைகூட இல்லாமல் சிவப்பாகப் பூத்து நின்றன.

மாலை நான்கு மணிக்கு, முனிர்காவில் அண்ணன் இருக்கும் குடியிருப்பின் வேப்பமரத்தடியில் எனக்குப் பாடம் ஆரம்பமானது. மதினி காலமான பிறகு அண்ணன் அதிகம் பேசுவதில்லை. காரைப் பற்றி என்றால் மட்டும் நிறுத்தமாட்டார்.

"ஏட்டி கோமு, ஒன் கார்ல வலது பக்கக் குச்சி இண்டிகேட்டர். இதுல அது கியரு. மறந்து போய் வளைவுல தட்டுனேன்னா நியூட்ரலுக்குப் போயிரும், பாத்துக்கோ."

கைபிரேக்கைத் தேடினேன். இல்லை. இடது காலுக்கு ஒரு சின்ன பெடல், அதை மிதித்தால் பிரேக் விழும். விடுவிக்க ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கம் ஒரு பிடியை இழுக்கவேண்டும். நடுவில் ஒரு வட்டத் திருகு, அதைச் சுற்றினால் ரேடியோவும் மற்றதும் வரும். அண்ணன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். 2017-இல் இந்தியாவுக்கென்றே பின்பக்கம் கால் நீட்ட இடம் விட்டு வண்டியை நீளமாக்கினார்களாம். அதில் ஸ்டெப்னி டிக்கியின் பாதியை அடைத்துக்கொண்டதாம். 2021-இல் திருகை எடுத்துவிட்டுத் தடவுகிற பட்டையை வைத்தார்களாம். "திருகுல என்ன குத்தம் கண்டாங்க, சொல்லு?"

"டீசல் எவ்வளவு இருக்கு அண்ணே?"

முள்ளைப் பார்ப்பதுபோலக் குனிந்தார். "பாதி இருக்கு."

முள் கால்வாசிக்கும் கீழே இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பினார், ஆனால் கண் என் தோளுக்கு அப்பால் எங்கேயோ நின்றது.

"அண்ணே, ஒங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

அவர் கை அந்த வட்டத் திருகைப் பிடித்துக்கொண்டது. பிறகு சொன்னார். "நடுவுல மட்டும் அழிஞ்சு போச்சு. ஓரம் தெரியும். ஒன் தோடு தெரியுது, மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணுமில்ல. எட்டு மாசமாச்சு. திரும்ப வராதுன்னுட்டாரு டாக்டர்."

"மீராவுக்கு?"

"தெரியாது. டிராஃபிக் புடிக்கல, அதனால வண்டி எடுக்கலைன்னு சொல்லியிருக்கேன். வண்டி ஊர விட்டுப் போகட்டும், பொறவு சொல்லுதேன். நீ வாயத் தொறக்காத."

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தோம். அவர் தட்டில் எதை எங்கே வைக்கச் சொல்கிறார் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டு எப்போதும் வலதுபக்கம்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு வழிச்சாமான் வாங்க மீராவும் நானும் ஐ.என்.ஏ. மார்க்கெட் போனோம். காபித்தூள், முறுக்கு, ஒரு சீப்பு நேந்திரம்பழம். காரில் திரும்பி வந்து உட்கார்ந்ததும் மீரா சாவியைத் திருப்பாமல் இருந்தாள்.

"அத்தை, அப்பாவுக்கு என் மேல கோபமா? நான் பேசினா என்னைப் பாக்கறதே இல்ல. வேற எங்கயோ பாக்கறார். ஆறு மாசமா இப்படித்தான். அம்மா இருந்தப்போ நான் அடிக்கடி வரலைன்னு நினைக்கிறாரோ?"

வாய்வரை வந்துவிட்டது. வாயைத் திறக்காதே என்று அண்ணன் சொன்னது தடுத்தது. "கோபமெல்லாம் இல்லட்டி" என்று மட்டும் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அச்சா, இன்னிக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு. அப்பாவை மதுரா ரோடு ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போறேன். அதே காரோட புது மாடல், பெட்ரோல். இந்தப் பத்து வருஷத் தொல்லை கிடையாது. நான் வாங்கித் தரப்போறேன். அப்பா திரும்ப ஓட்டுவார்."

அண்ணனையும் ஏற்றிக்கொண்டு பதினொன்றரைக்கு ஷோரூமில் இருந்தோம். ரோஹித் என்ற விற்பனையாளர் "ஆயியே அங்கிள்ஜி" என்று வரவேற்றார். வண்டி வெள்ளை நிறம், விலை எண்பது லட்சத்தைத் தொட்டது. கதவில் கைப்பிடியே இல்லாததுபோல இருந்தது. அண்ணன் கை தகட்டின் மேல் தடவித் தடவிப் போயிற்று. "அப்பா, டச் பண்ணா வெளிய வரும்" என்று மீரா அவர் விரலை எடுத்து வைத்தாள். கைப்பிடி மெல்ல நீண்டு வந்தது.

ரோஹித் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஸ்டெப்னி தரைக்கடியில் போய்விட்டது, டிக்கி முழுவதும் நமக்கு. பின்னிருக்கையில் தொடைக்குத் தாங்கல் நீளும். சொன்னால் கேட்கும், குளிர்கிறது என்றால் சூடேற்றிவிடும். அண்ணன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து "குளிருதே" என்றார் தமிழில். கார் சும்மா இருந்தது. எல்லோரும் சிரித்தோம், அவரும்தான்.

பிறகு அவர் இடது கை முன்னால் போனது. திருகு இருந்த இடம், பொத்தான் இருந்த இடம், ஏசி விசை இருந்த இடம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே கண்ணாடி. விரல் வழுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் நின்றது.

"டெஸ்ட் டிரைவ் போகலாமா அங்கிள்ஜி?" என்று ரோஹித் கேட்டார்.

"மீரா" என்றார் அண்ணன். "என்னால இத ஓட்ட முடியாதும்மா."

"கத்துக்கலாம்பா. நான் சொல்லித் தரேன்."

"இத மட்டும் இல்ல. எதையும்."

உட்கார்ந்த இடத்திலேயே, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, எல்லாவற்றையும் சொன்னார். மீரா கதவோரம் நின்று கேட்டாள். ரோஹித்துக்குத் தமிழ் புரியவில்லை, ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு சற்றுத் தள்ளிப் போனார்.

"அப்போ என்னைப் பாக்காம வேற எங்கயோ பாத்தது?"

"நேராப் பாத்தா நீ இருக்கமாட்டே. அந்தப் பக்கம் பாத்தாத்தான் ஓரத்துல வருவே. ஒன்னைப் பாக்கத்தான்டி நான் அங்க பாக்கேன்."

மீரா அந்தப் பளபளத்த தரையில் அப்படியே மண்டி போட்டாள். அவர் முகத்துக்கு வலப்பக்கமாக நகர்ந்து, இன்னும் கொஞ்சம் நகர்ந்து, "இங்கயா? இங்க தெரியறேனா?" என்று கேட்டாள். அவர் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, "இன்னும் கொஞ்சம் பின்னால போ... ஆங், அங்கதான்" என்றார். அவள் அங்கேயே இருந்தாள். ரோஹித் மூன்று தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்து மேசையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார். டெல்லியில் என்னை யாரும் இவ்வளவு பக்குவமாக நடத்தியதில்லை.

வண்டி வாங்கவில்லை. சாயங்காலம் மீரா அலுவலகத்துக்குப் போன் போட்டு நான்கு நாள் விடுப்பு சொன்னாள். குவாலியர்வரை எங்களோடு வருவது, அங்கிருந்து ரயிலில் திரும்புவது என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள். ஒரு மாதம் கழித்து அண்ணனைக் கூட்டிப்போகப் பாளையங்கோட்டைக்கு வருவாளாம். அதற்குள் இன்னொரு கண் டாக்டரிடம் தேதி வாங்கி வைப்பாளாம்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு முனிர்காவைவிட்டுக் கிளம்பினோம். முதல் வேலையாக டீசல் நிரப்பினேன், லிட்டர் எண்பத்தேழு ரூபாய் சொச்சம். ஊர்வரை ஏறக்குறைய இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். ஆசிரமம் சந்திப்பில் இண்டிகேட்டர் போடப் போய் கியர்க் குச்சியைத்தான் தட்டினேன். வண்டி உறுமியது, நகரவில்லை. பின்னால் பத்து ஹார்ன்கள். "நியூட்ரல்" என்றார் அண்ணன் பதறாமல். "பிரேக்க மிதிச்சிட்டு குச்சியக் கீழ தட்டு."

யமுனையைத் தாண்டி, நொய்டாவின் கட்டடங்கள் குறைந்து, எட்டு மணிக்கெல்லாம் ஆக்ரா விரைவுச்சாலையில் ஏறிவிட்டோம். நூற்று அறுபத்தைந்து கிலோமீட்டர் நேர்ச்சாலை. பழைய வண்டி பறக்கிற சத்தமே தெரியாமல் போயிற்று. எங்கள் ஊரில் சாலை என்றால் இரண்டு பக்கமும் ஆள் தெரியும், குரல் கேட்கும். இங்கே வயல்தான், அதற்குமேல் வானம். நாற்பத்தொரு வருடம் இருந்த ஊரைவிட்டு அண்ணன் போகிறார், திரும்பி வருவார் என்றாலும் இனி வண்டி ஓட்டிக்கொண்டு வரமாட்டார்.

பின்னிருக்கையிலிருந்து மீரா இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டினாள். "அப்பா, லெஃப்ட்ல பச்சையா இருக்கு. கோதுமை. ரொம்ப தூரம்வரை."

"உம்."

"ஒரு லேடி சிவப்புத் துப்பட்டா. தலைமேல புல்லுக்கட்டு."

"உம், சொல்லு."

"அங்க ஒரு உயரமான... பைப் மாதிரி. அதுக்குக் கீழ செங்கல் அடுக்கியிருக்கு. அதுக்கு என்ன பேரு தெரியலப்பா. செங்கல் சமைக்கிற இடம்."

சூளை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அண்ணன் என் கைமேல் லேசாகத் தட்டினார்.

"சமையல் ஆயிருச்சா?" என்று அவளிடம் கேட்டார்.

"இன்னும் இல்லப்பா. புகை வருது."