வெயில் தண்ணி, சாணி கேஸ்

எங்க ஊட்டுக்காரரு கோதண்டபாணி, ரைஸ் மில்லுல மெக்கானிக். பிள்ளையார்பாளையத்துல அவர சாணி இன்ஜினியர்னு கூப்டானுங்க. அந்தப் பேரு வெச்சவன் வாய் அழுகணும்னு திட்டாத நாளில்ல நானு.

எழுபத்து மூணுல கரண்ட் கட்டு. பொழுது சாஞ்சா வெளிச்சமில்லாம எங்க தெருவு தறியெல்லாம் நின்னுடும். இவரு எதிர்வீட்டு பால்காரரோட ஏழு எருமைச் சாணியையும் வாங்கி, கொல்லையில குழி கட்டி, அதுல வர்ற கேஸ்ல பழைய ஆயில் இன்ஜின ஓட்டி, டைனமோவுல பல்பு எரியவெச்சாரு. குளுருனா கேஸ் கம்மியாவுமாம். அதுக்கு, கறுப்பு பெயிண்ட் அடிச்ச தகர டின்னுங்கள மாடியில வெச்சு, வெயில்ல காஞ்ச தண்ணியில சாணி கரைப்பாரு.

"வெயிலும் சாணியும் சேந்தா தெருவுக்கே வெளிச்சம்மே லோகாம்பா"ன்னு பீத்திக்குவாரு.

கார்த்திகையில மெட்ராஸ் ஆபீசர் ஒருத்தர் பாக்க வர்றதா கடுதாசி வந்துச்சு. பல்பு மூணு மணி நேரம் நின்னு எரிஞ்சா, தெருவுக்கே பெருசா ஒண்ணு கட்டித் தருவாங்களாம். மனுஷன் சோறு தண்ணி மறந்துட்டாரு. பாத்து வெச்சாப்புல அடமழை. அந்த நேரம் வாலாஜாபாத் மில்லுல மிஷின் நின்னுபோய் இவர நாலு நாளைக்கு இட்டுக்கினு போயிட்டாங்க.

"வெயில் இல்ல, அடுப்புல தண்ணி காய்ச்சி ஊத்துமே. கை பொறுக்கிற சூடு போதும்"னு சொல்லிட்டுப் போனாரு.

வெறகெல்லாம் நனைஞ்சு கெடந்துச்சு, காஞ்சிருந்த கொஞ்சமும் என் கூலிவேல அடுப்புக்கே சரியாப் போச்சு. கூலிக்குப் பட்டு நூல, பசை போக சலவைச் சோடா போட்டு வேகவெக்கிறவ நானு. வேகவெச்ச சோடாத் தண்ணிய நாங்க கொட்டமாட்டோம், பாத்திரம் தேய்ப்போம். சூடு இருக்குது, வீணா ஏன் போவணும்னு நாலு நாளும் அதையே ஊத்தினேன்.

ஆபீசர் வந்தன்னிக்கு இன்ஜின் ரெண்டு தரம் இருமிட்டு நின்னுடுச்சு. தெருவே கூடி நின்னு சிரிச்சுது.

"மழக்காலத்துக்கு இது ஆவாது சார், என் கணக்கு தப்பு"ன்னு இவரே சொன்னாரு. ஆபீசர் எழுதிக்கினு போயிட்டாரு.

மறுவாரம் சாயக்காரர் சீனிவாசன்கிட்ட, சோடாத் தண்ணிய சாணியில ஊத்துனா என்னாவும்னு பேச்சுவாக்குல கேட்டேன். "சோடாக்காரம் பட்டா சாணி செத்துடும்மா, அப்புறம் கேஸ் ஏது"ன்னாரு. ஊட்டுக்கு ஓடியாந்தா, இவரு டின்னுங்கள பழைய இரும்புக்காரனுக்கு எடுத்துப் போட்டுக்கினு இருக்காரு. சொன்னா திரும்ப ஆரம்பிப்பாரு. திரும்ப அந்த நாத்தம், அந்தச் சிரிப்பு. வாய மூடிக்கினேன். பாவி நானு.

அப்புறம் பத்து வருஷம் இருந்தாரு. கரண்ட் போனாப் போதும், "எங்க தப்பு பண்ணேன்னு இன்னும் புரியலமே"ம்பாரு.

"சோறு ஆறுது, துன்னு"ம்பேன்.