வாத்துக்கு வந்த போலீஸ்

பர்மாவில், லைங் தாயா போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கன்னம் நிறையத் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தார். கைப்பையின் ஜிப்பில் குட்டிப் பூட்டு ஒன்று தொங்கியது. பேச்சுக்கு நடுவே அதை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொள்வார்.

மகள் இங்கிலாந்தில் ஏதோ கிராமத்தில் நர்ஸாம். அந்த ஊரை நினைத்தாலே இவருக்குத் தூக்கம் வருவதில்லையாம்.

“அங்க என்னம்மா பயம்?” என்றேன்.

“பக்கத்து வீட்டு வாத்து ரெண்டு களவு போச்சாம். போலீஸ் கார் போட்டு வந்து விசாரிச்சிருக்கு! வாத்துக்கே போலீஸ் வருதுன்னா எவ்வளவு மோசமான ஊரா இருக்கணும்?”

சொல்லிக்கொண்டே, என் தோள்பைக்குள் நுழைந்திருந்த ஒரு கையை மணிக்கட்டோடு பிடித்தார். கைக்குச் சொந்தக்காரன் பின்னால் நின்றிருந்தான். அவனைப் பர்மிய மொழியில் ஒரு அதட்டு அதட்டினார். அடுத்த நிறுத்தத்தில் அவன் குதித்து ஓடினான்.

பைக்குள் கைவிட்டுப் போன் இருக்கிறதா என்று பார்த்தேன். “போலீஸ்ல சொல்லலாமா?” என்றேன்.

அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“போன் பைலதானே இருக்கு? அப்புறம் எதுக்கு போலீஸ்? நம்ம ஊர்ல அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது தங்கச்சி. அதான் மகள திரும்பி வந்துடுன்னு தினம் சொல்றேன்.”

அந்தப் பெண் வந்து சேர்ந்தாளா என்று அவ்வப்போது யோசிப்பேன். வந்திருக்க வேண்டாமே என்றுதான் தோன்றுகிறது.